வளாகத்தில் ஆட்கள் இல்லை

நான் பெருமூச்சு விடுகிறவள் இல்லை. அம்மா விடுவாள், மீன் குழம்பை இறக்கி வைக்கும்போது ஒன்று, விளக்கை அணைக்கும்போது ஒன்று. நான் அப்படி இல்லை. எனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, சண்டை போடாத கணவன் இருக்கிறான். இந்த ஜனங்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறார்கள்.

இதெல்லாம் எமல்டா மனதுக்குள் நினைத்தது. வெளியே சொன்னது, "கருவி பொய் சொல்லாதும்மா" என்பது மட்டும்தான்.

எதிரே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த பேச்சித்தாய் மடித்துக் கொண்டுவந்த தாளை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். நான்காவது முறையாகத் திரும்பி வந்த மனு. மேலே சிவப்பு மையில் ஒரு முத்திரை: மேல்வானச் சான்று இல்லை.

"பொய் சொல்லுதுன்னு நான் சொல்லலையே மேடம்," என்றாள். "காது கேக்கலையோன்னுதான் கேக்கேன்."

சூரங்குளத்துக்குத் தெற்கே கரிசல் நிலத்தில் நிற்கிற அந்த ரேடாரைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் ஏமாந்து போவார்கள். சுற்றுகிற தட்டு கிடையாது, குடை கிடையாது. ஒரு காலத்தில் மொட்டைமாடிகளில் நின்ற டிவி ஆன்டெனாக்களைப் போல ஆயிரத்து இருபத்து நான்கு ஆன்டெனாக்கள், வரிசைக்கு முப்பத்திரண்டாக முப்பத்திரண்டு வரிசை. நின்ற இடத்தில் அசையாமல் நின்றுகொண்டே வானத்தின் எந்த மூலையை வேண்டுமானாலும் பார்க்கும். வடிவமைத்தவள் எமல்டா. மேல்காற்று எப்படிச் சுழல்கிறது, மழை ஏன் இந்தப் பக்கம் வராமல் போகிறது என்று ஆராய்வதற்குத்தான் கட்டினார்கள்.

கட்டி முடித்துச் சில வாரங்களில், திங்கட்கிழமைகளில் மட்டும், ஆட்சியர் அலுவலகத்துக்கு நேர் மேலே பதினாறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு தடிப்பு தெரிந்தது. மேகம் இல்லை. விமானம் இல்லை. பறவை அவ்வளவு உயரம் போகாது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதை முதலில் கவனித்தவர் டெக்னீஷியன் முப்பிடாதி. அவருடைய மச்சினி அன்றைக்கு மனு கொடுக்கப் போயிருந்தாள். மூன்று மாதச் சோதனைக்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. சாதாரண மூச்சு காற்றோடு போய்விடுகிறது. பெருமூச்சு போவதில்லை. அது எந்தக் காற்றுக்கும் சாயாமல், போகவேண்டிய இடம் தெரிந்ததுபோல நேரே மேலே ஏறுகிறது. பதினாறு கிலோமீட்டரைப் பத்தொன்பது நிமிடத்தில் கடந்து, அங்கே காற்றின் அடுக்கு மாறுகிற இடத்தில் முட்டி, கல்லில் ஊற்றிய மாவுபோலப் பரவி, கொஞ்ச நேரம் நிற்கிறது.

எமல்டா இதை ஒரு கட்டுரையாக எழுதினாள். கட்டுரையை மூன்று பேர் படித்தார்கள். மூன்றாவது ஆள் அரசாங்கத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு யாருடைய மனுவையும் படித்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. குறை உண்மையாக இருந்தால் மேலே தெரியும். தெரியாவிட்டால் குறை இல்லை. ஒவ்வொரு மனுவோடும் ரேடார் நிலையத்தின் மேல்வானச் சான்றை இணைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பக்கத்து டவுனில் பெருமூச்சுப் பயிற்சி நிலையம் ஒன்று திறந்தார்கள். பத்து நாள் வகுப்பு. அடிவயிற்றிலிருந்து இழுக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற மூச்சுகள் பனைமர உயரம் போய்த் திரும்பி வந்தன. ஒரு கவுன்சிலருடையது தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை. தன் வீட்டுக்கு மேலே ஏதாவது இருந்தால் அது தன்னுடையதா மருமகளுடையதா என்று பிரித்துத் தரச் சொல்லி ஒரு மாமியார் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தாள்.

இதுவரை சான்று கிடைத்த தனி ஆட்கள் ஒன்பது பேர். மற்றபடி ஊர் ஊராகத் திரை வெள்ளையாகவே இருந்தது. அறுபத்து மூன்று ஊர்களில் ஒரு பெருமூச்சுகூட இல்லை. மாவட்டம் மனநிறைவோடு இருப்பதாக அறிவித்து, நிலையத்துக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அது எமல்டாவின் தலைக்குப் பின்னால் மாட்டியிருந்தது. பேச்சித்தாய் பேசும்போதெல்லாம் அவள் பார்வை அதன்மேல் போய்ப் போய் வந்தது.

அவளுடைய மனு சிறியது. இப்போது ஆன்டெனாக்கள் நிற்கிற இடத்தின் குறுக்கேதான் சூரங்குளத்தார் பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோகிற தடம் இருந்தது. பத்து நிமிட நடை. வேலி போட்ட பிறகு சுற்றிப் போனால் நாலேகால் கிலோமீட்டர். ஏழு பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது பத்தரைக்கு. பேச்சித்தாயின் மகள் இசக்கியம்மாள் ஒன்பதாம் வகுப்பு. முதலில் சுற்றி ஓடிப் பார்த்தாள். பிறகு வாரத்தில் மூன்று நாள் போனாள். இப்போது வீட்டில் தீப்பெட்டி ஒட்டுகிறாள். இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். வேலிக்குள் ஆள் நடக்கிற அகலத்துக்கு ஒரு பாதை விட வேண்டும். அவ்வளவுதான் மனு.

"இது எப்படி மேடம் பாக்கும்?" என்று பேச்சித்தாய் ஜன்னல் வழியாக ஆன்டெனாக்களைக் காட்டிக் கேட்டாள். "கழுத்தைக்கூடத் திருப்ப மாட்டேங்கு."

"ஆயிரம் பேர் ஒரே நேரத்துல கை தட்டினா சத்தம் நேரா மேல போகும். மேற்கால நிக்கறவங்க கொஞ்சம் முந்தித் தட்டி, கிழக்க போகப் போக ஒவ்வொருத்தரும் கொஞ்சம் பிந்தித் தட்டினா, சத்தம் கிழக்காலச் சாயும். இதுவும் அப்படித்தான். யார் எவ்வளவு பிந்தணும்னு சொல்லிக் கொடுத்தாப் போதும். திரும்ப வேண்டாம்."

பேச்சித்தாய் விரலால் வரிசைகளை எண்ணினாள். "அப்போ நடுவுல ஒரு வரிசை தட்டலைன்னா?"

எந்த நிபுணர் குழுவும் எமல்டாவிடம் கேட்காத கேள்வி அது. "பார்வை கொஞ்சம் மங்கும்," என்றாள். "பக்கத்துல இருக்கறதும் சேர்ந்து தெரியும்."

"பக்கத்துல இருக்கது தெரிஞ்சா தப்பா மேடம்?"

எமல்டா மனுவைக் கையில் எடுத்துப் படிப்பதுபோல் பார்த்தாள்.

"சரி, ஒண்ணு செய்யுங்க," என்றாள் பேச்சித்தாய். "நான் இங்கனயே விடுதேன். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கிடுங்க. இருந்தா இருக்குன்னு எழுதுங்க. இல்லைன்னா இனிமே வர மாட்டேன்."

விதிகளில் இதற்குத் தடை எதுவும் இல்லை. மூவரும் ஆன்டெனாக்களுக்கு நடுவே போனார்கள். முப்பிடாதி வேலி ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். போன ஆயுத பூஜைக்கு ஆயிரத்து இருபத்து நான்குக்கும் அவர் தன் கையால் சந்தனம் குங்குமம் வைத்தார். இரண்டு நாள் வானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தது. துடைக்கச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை எமல்டா இன்னும் மறக்கவில்லை.

"இங்க நில்லுங்க. இப்ப விடலாம்," என்றாள்.

பேச்சித்தாய் நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். "இப்படிப் போட்டோவுக்கு நிக்க மாதிரி நிக்க வச்சா எங்கேருந்து வரும்?"

"வராது தாயி," என்றார் முப்பிடாதி. "எம் பொண்டாட்டியும் ஒரு நாள் வந்து நின்னா. மேல ஒண்ணுமில்லன்னு வந்துச்சு. மூணு நாள் எனக்குச் சோறு போடலை. அப்போ இத்தன வருசமா நான் எதுக்கு அழுதேன்னு கேக்கா."

"நீரு என்ன சொன்னீரு?"

"நான் என்ன சொல்ல? மிஷினு சொல்லுதுன்னேன். அதுக்குத்தான் மூணு நாள்."

எமல்டா, "பொண்ணு எப்படி இருக்கா?" என்று கேட்டுவைத்தாள்.

"இருக்கா." பேச்சித்தாய் ஊர்ப்பக்கம் பார்த்தாள். "காலையில பஸ் ஹாரன் எங்க வீட்டுக்குக் கேக்கும் மேடம். அவ பசையத் தடவிக்கிட்டு இருப்பா. தலையத் தூக்க மாட்டா. தூக்கினா நான் பாத்துருவேன்னு. நானும் அடுப்பத்தான் பாப்பேன். நான் பாத்தா அவ தூக்கிருவாளோன்னு."

அப்போது அது வந்தது. தோள்கள் கொஞ்சம் ஏறி, இறங்கின. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஒரு கை தூரத்தில் நின்ற எமல்டாவின் முகத்தில் இளஞ்சூடாகப் பட்டுவிட்டு மேலே போயிற்று.

முப்பிடாதி கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தார். பத்தொன்பது நிமிடத்துக்கு அவர்கள் கட்டுப்பாட்டு அறையில் டீ குடித்தார்கள். இருபதாவது நிமிடம் திரை வெள்ளையாகவே இருந்தது. இருபத்தைந்தாவது நிமிடமும்.

"வெள்ளையாத்தான் இருக்கு," என்றாள் பேச்சித்தாய். குரலில் கோபம் இல்லை. எழுந்து நின்று டம்ளரைக் கழுவி வைத்தாள். "சரி மேடம். எனக்கு ஒண்ணுமில்ல. அவகிட்டயும் சொல்லிருதேன்." மனுவை எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

எமல்டா வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டித்தான் சொல்கிறார்கள் என்று நினைக்க முயன்றாள். முகத்தில் பட்ட சூடு அப்படி நினைக்க விடவில்லை. ஒரு வருடமாக அவள் கருவியை நம்பியிருந்தாள். இன்றுதான் முதல்முறையாக ஒரு மனுஷி பெருமூச்சு விடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"அண்ணாச்சி," என்று முப்பிடாதியைக் கூப்பிட்டாள். "கழிக்கறதுக்கு முந்தின படத்தை எடுங்க."

கருவிக்கு ஒன்றுமில்லாத வானம் எப்படி இருக்கும் என்று தொடக்கத்தில் ஒருமுறை காட்டியாக வேண்டும். வேலி, கம்பி, பனைமரம், இவற்றின் எதிரொலி எல்லாம் இடத்துச் சத்தம். அதற்கு மேல் இருப்பதுதான் செய்தி. அந்த இடத்துச் சத்தத்துக்குச் சுழியம் என்று பெயர். எந்த ஊருக்கு மேல் எது வந்தாலும் கருவி முதலில் அந்த நேரத்துச் சுழியத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் திரையில் காட்டும்.

கழிக்காத படத்தில் பேச்சித்தாய் இருந்தாள். சரியாகப் பத்தொன்பதாவது நிமிடத்தில், பதினாறாவது கிலோமீட்டரில், தெளிவான ஒரு கோடு. அந்த நேரத்துக்குச் சுழியத்தில் பதிந்திருந்த கோடு அதைவிடத் தடிமனாக இருந்தது.

"அவ்வளவு உசரத்துல பனைமரமா மேடம்?" என்றார் முப்பிடாதி.

சுழியம் எடுத்தது போன வருடம் ஆடியில். ஆடி மாதம் கருவியைத் தொடங்கக் கூடாது என்று காண்டிராக்டர் ஒரே பிடியாக நின்றார். சுழியம் எடுப்பது தொடக்கம் ஆகாது, சூடம் காட்டாமல் எடுத்தால் போதும் என்று இயக்குநர் குற்றாலநாதன் வழி சொன்னார். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. பதினொரு நாள் வாட்ச்மேன் உட்பட எல்லோரும் லீவு. ஆளே இல்லாத இடம். சுழியம் எடுக்க அதைவிட நல்ல நாட்கள் கிடைக்காது. எமல்டா மட்டும் தங்கி அளந்தாள். ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் எழுதினாள்: வளாகத்தில் ஆட்கள் இல்லை.

அவள் கையெழுத்துத்தான். பதினொரு நாளும் ஒரே மாதிரி, அழகாக.

சுழியத்தில் இருந்த அந்தக் கோடு நாள் முழுக்க அங்கங்கே தடித்தும் மெலிந்தும் போயிற்று. மதியம் ஒன்றரைக்கு ஒரு புடைப்பு. மாலை ஐந்து நாற்பத்து மூன்றுக்கு இன்னொன்று, எல்லாவற்றிலும் பெரியது. ஐந்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையில் மட்டும் கோடு சுத்தமாக இல்லை. எமல்டா அந்த இடத்தில் விரலை வைத்தாள். அன்று காலை அவள் டவுன் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்தாள்.

முப்பிடாதி வெளியே போய் நின்றுகொண்டார்.

மாலை ஐந்து இருபதுக்கு வழக்கம்போல் சென்னையிலிருந்து கணவன் ரொசாரியோ கூப்பிட்டான்.

"சாப்டியா?"

"ம். நீங்க?"

"ஆச்சு. வேற?"

"ஒண்ணுமில்ல."

"சரி, வச்சிரவா?"

"ம்."

போனை வைத்துவிட்டு அவள் தன்னையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் தோன்றவில்லை. துக்கமாக இல்லை. இவன் நல்லவன்; நானும் கெட்டவள் இல்லை; இதில் பெருமூச்சு விட என்ன இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அவளுக்குத் தெரியாமலே தோள் ஏறி இறங்கிவிட்டது. அவ்வளவு சின்ன விஷயம். இருமலைவிட, கொட்டாவியைவிடச் சின்னது.

ஐந்து நாற்பத்து மூன்றுக்குக் கழிக்காத படத்தில் வந்து சேர்ந்தது. ஊரில் எல்லோருடையதையும்விடப் பெரிது. யாரோ ஒரு அந்நியப் பெண்ணின் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் அவள் அதைப் பார்த்தாள். பாவம், யார் இது என்றுகூடத் தோன்றியது.

பிறகு கணினியில் பதினேழாவது வரிசையை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பார்வை மங்கியது, பக்கங்களில் கொஞ்சம் கசிந்தது. காற்றைப் பார்க்க அது போதும். கட்டும்போதே போதுமாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கே குற்றாலநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு கோப்பும் ஒரு அல்வாப் பொட்டலமும். முதலில் அல்வாவை வைத்தார்.

"மேடம், நல்ல செய்தி. இன்னும் ஆறு மாவட்டத்துக்கு ரேடார் சாங்ஷன் ஆயிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள பேப்பர் சென்னையில இருக்கணும். உங்க டிசைன், உங்க சுழியம், எல்லாம் அப்படியே."

"என் சுழியமா?"

"புதுசா எதுக்கு எடுக்கணும்? இருக்கறதையே காப்பி பண்ணிக்கலாம். நல்லா ஒர்க் ஆகுதுல்ல." கோப்பைத் திறந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினார். "சுழியம் எடுத்த நாட்களில் வளாகத்தில் ஆட்கள் இல்லை என்று சான்றளிக்கிறேன். இதுக்குக் கீழ ஒரு கையெழுத்து. இதோட நிலுவையில இருக்கற முப்பத்தேழு மனுவும் முடிஞ்சிரும். அந்தப் பாதை கேக்கற அம்மாது உட்பட."

"சார், அந்தச் சுழியம் தப்பு."

"எப்படி?"

"அதுல ஒரு ஆள் இருக்கு."

"வாட்ச்மேனா?"

"நான்."

குற்றாலநாதன் நிம்மதியாகச் சிரித்தார். "உங்களை யார் மேடம் ஆள்னு சொன்னா? நீங்க டிசைனர்."

எமல்டா சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். "சரி, ஒரு ஆளோட மூச்சு. அது எவ்வளவு இருந்துரப் போகுது?"

"அறுபத்து மூணு ஊர் அதுக்குக் கீழ இருக்கு சார். ஜனம் கூட்டமாச் சேர்ந்து விட்டா, இல்ல அது மெலிஞ்ச நேரத்துல விட்டாத்தான் அதைத் தாண்டுது."

 அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல் தணிந்த குரலில் கேட்டார்: "அப்படி என்ன மேடம் உங்களுக்கு?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். சொல்வதற்கு ஒன்று இருந்தால் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. "தெரியல சார். நானும் நேத்துதான் பாத்தேன்."

"சரி. இதைத் திருத்தினா என்ன ஆகும்?"

"அறுபத்து மூணு ஊரும் தெரியும்."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல."

"யோசிச்சுப் பாருங்க." அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. "நேத்து வரைக்கும் நிம்மதியா இருந்த ஜனங்க. அத்தனை பேரையும் ஒரே நாள்ல துக்கப்பட வைக்கப் போறீங்களா? இது மனுஷத்தன்மையா? உங்களுக்கு மனசு சரியில்லைன்னா பத்து நாள் லீவு எடுங்க. உங்க வீட்டுக்காரரோட எங்கயாவது போயிட்டு வாங்க. லேசாயிரும். அதுக்காக மாவட்டத்தையே எதுக்கு இழுக்கணும்?" தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். "போடுங்க மேடம்."

எமல்டா பேனாவை வாங்கிக்கொண்டாள். தாளை மேலிருந்து கீழே படித்தாள். மூன்றே சொல்லை விட்டால் மற்றதெல்லாம் உண்மைதான்: நாட்கள் உண்மை, உயரம் உண்மை, கருவி உண்மை.

வெளியே, ஆன்டெனாக்களுக்கு அப்பால், ஏழு பத்து பஸ் ஹாரன் அடித்தது. தினமும் அடித்திருக்கும். அது நின்று, யாரையோ ஏற்றி, கிளம்பிப் போகும் சத்தத்தை அவள் கடைசிவரை கேட்டாள். குற்றாலநாதனும் காத்திருந்தார், கையெழுத்துக்காக.

அவள் பேனாவை மூடினாள். தாளை அவர் பக்கமாகத் திருப்பி, அதன்மேல் பேனாவை வைத்தாள். பேச்சித்தாய் விட்டுப்போன மனுவை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நான் இருந்தேன் சார்," என்றாள்.